டாக்டர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுபவர்தான் கெட்டிக்கார மருத்துவர் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். கையைப் பிடித்துப் பார்த்தார், 'உனக்கு இன்ன கோளாறு' என்றார், சொன்னபடியே இருந்தது என்று கதை சொல்வோம். அந்த நம்பிக்கையோடு போகிறவருக்கு, கேள்விமேல் கேள்வி கேட்கும் மருத்துவரைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது. எல்லாவற்றையும் நாமே சொல்வதென்றால் இவர் எதற்கு? இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்களுக்குக் கேள்வியும் வேண்டாம், தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம். 'எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே' என்பார்கள்.

இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். விசாரிப்பதையும் உடலைப் பரிசோதிப்பதையும் வைத்தியத்துக்கு முந்தைய ஒரு சடங்காக நினைக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பிறகு வருபவை. விசாரணை சரியாக நடக்காவிட்டால் அவை தரும் பதில்களையே நம்ப முடியாமல் போகும். அது எப்படி என்று பார்ப்பதற்கு, 'மூச்சு வாங்குகிறது' என்ற ஒரே புகாரை எடுத்துக்கொண்டு பின்தொடர்வோம்.

## கரண்ட் போனால் என்ன செய்கிறோம்?

இரவில் மின்விசிறி நின்றுவிட்டது. உடனே யாரும் சுவரை உடைத்து வயரைப் பார்ப்பதில்லை. முதலில் ஜன்னல் வழியாகத் தெருவிளக்கைப் பார்க்கிறோம். அது எரிந்தால், பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். அங்கே இருந்தால் கோளாறு நம் வீட்டில். வீடு முழுக்கவா, இந்த அறையில் மட்டுமா? சற்று முன்பு யாராவது மோட்டார் போட்டார்களா, இஸ்திரிப் பெட்டி போட்டார்களா? இவ்வளவும் கேட்ட பிறகுதான் ஃபியூஸில் கை வைக்கிறோம். ஒவ்வொரு கேள்வியும் காரணங்களில் ஒரு பெரும் பங்கைக் கழித்துவிடுகிறது. எந்தப் பதில் வந்தாலும் எதையும் மாற்றாத கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

மருத்துவர் செய்வதும் இதுதான். மூச்சு வாங்குவதற்கு ஆஸ்துமா காரணமாக இருக்கலாம். நிமோனியா, காசநோய், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், இதயம் பலவீனமாதல், இதய வால்வு சுருங்குதல், ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு, மனப்பதற்றம் என்று வரிசை நீளும். இப்படி ஒரு புகாருக்குப் பின்னால் இருக்கக்கூடிய நோய்களின் வரிசையைச் சந்தேகப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி அறைக்குள் நுழையும்போதே மருத்துவரின் மனத்தில் இந்தப் பட்டியல் உருவாகத் தொடங்கிவிடும். வயது, நடை, பேசும்போது வாக்கியம் முடியும்வரை மூச்சு தாங்குகிறதா என்பது எல்லாமே அதில் பெயர்களை எழுதும்.

ஃபியூஸ் போயிருக்கும், அல்லது போயிருக்காது. உடலில் அப்படித் தெளிவான பதில் அரிதாகவே கிடைக்கும். ஒவ்வொரு பதிலும் பட்டியலில் ஒரு பெயரை மேலே ஏற்றும், இன்னொன்றைக் கீழே இறக்கும். எதையும் முழுதாக அடிப்பது கடினம். அதனால்தான் ஒரே விஷயத்தை மருத்துவர் சில சமயம் இரண்டு விதமாகக் கேட்கிறார்.

இதற்கு எவ்வளவு பலன் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹாம்ப்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிதாக வந்த 80 புறநோயாளிகளில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து நோயாளியை விசாரித்த அளவிலேயே எட்டிய முடிவும் இறுதி முடிவும் ஒன்றாக இருந்தன. உடல் பரிசோதனை 7 பேரிடமும் ஆய்வகச் சோதனைகள் 7 பேரிடமும் அந்த முடிவை மாற்றின. அப்போது இன்றைய ஸ்கேன் வசதிகள் கிடையாது, ஆய்வும் சிறியது. அதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை.

## முதல் இரண்டு நிமிடம் நோயாளிக்கு

நோயாளியிடம் ஒழுங்குமுறையோடு விசாரித்துத் தெரிந்துகொள்வதை நோய் வரலாறு என்கிறார்கள். மருத்துவர்கள் பேச்சில் 'ஹிஸ்டரி எடுப்பது'. அது 'என்ன தொந்தரவு, எத்தனை நாளாக?' என்ற திறந்த கேள்வியில் தொடங்கும். வரும் பதிலை நோயாளியின் சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். 'இரண்டு வாரமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது' என்று எழுத வேண்டும். 'ஆஸ்துமா' என்று எழுதினால் விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதியதாகும்.

இந்த இடத்தில் மருத்துவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். அமெரிக்காவில் பெக்மனும் பிராங்கலும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பதிவு செய்யப்பட்ட 74 சந்திப்புகளில் 17இல் மட்டுமே நோயாளி தன் புகாரை முழுதாகச் சொல்லி முடித்தார். மற்றவற்றில் பெரும்பாலானவற்றில், சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். சும்மா பேசவிட்டால் பேசிக்கொண்டே போவார்கள் என்ற பயம்தான் காரணம். 2002இல் வெளியான ஒரு ஆய்வுக்காகச் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் குறுக்கிடாமல் கேட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் சராசரியாக 92 விநாடிகள்தான் பேசினார்கள். ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். நம் ஊர் அரசு மருத்துவமனை வரிசையில் நூறு பேர் நிற்கும்போது இரண்டு நிமிடமும் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம்பிடித்து வேண்டாத சோதனைக்கு எழுதித்தருவதில் யாருக்கும் நேரம் மிச்சமாவதில்லை.

நோயாளியின் பக்கம் நடக்கும் தவறு வேறு வகை. என்ன நடந்தது என்று சொல்லாமல் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். 'நெஞ்சில் வாயு பிடித்துக்கொண்டது' என்பது விவரம் போலத் தோன்றும். அது தீர்ப்பு. நடுநெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தியது, இடதுகைக்கு இறங்கியது, வியர்த்துக் கொட்டியது, நடையை நிறுத்தினால் குறைந்தது என்பவைதான் விவரம். இதையெல்லாம் 'வாயு' என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்து, சோடா குடித்துவிட்டு மாரடைப்பைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு.

## சில கேள்விகள் ஏன் கேட்கப்படுகின்றன?

புகார் வந்தாயிற்று. இனி மருத்துவர் குறுகிய கேள்விகளுக்கு வருவார். அவற்றுக்குப் பின்னால் உடலின் இயக்கம் பற்றிய கணக்கு இருக்கிறது.

'படுத்தால் அதிகமாகிறதா? எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறீர்கள்?' இந்தக் கேள்வியைக் கேட்டுப் பலர் சிரிப்பார்கள். நிற்கும்போது ரத்தத்தில் ஒரு பகுதி கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருக்கும். படுத்ததும் அது நெஞ்சுக்குத் திரும்பும். நல்ல இதயம் அதை அப்படியே முன்னோக்கித் தள்ளிவிடும். பலவீனமான இதயத்தால் முடியாது. தேங்கும் ரத்தம் நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தத்தைக் கூட்ட, நீர் கசிந்து காற்றறைகளை நோக்கிப் போகிறது. மூச்சு முட்டுகிறது. எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. ஒரு தலையணை இரண்டாகி, பிறகு மூன்றாகி, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால், பட்டியலில் இதயச் செயலிழப்பு மேலே ஏறிவிடும். இதயம் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் தள்ள முடியாத நிலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

ஆனால் இரவில் மூச்சு முட்டுவது ஆஸ்துமாவிலும் உண்டு. அதுவும் விடியற்காலையில்தான் மோசமாகும். எனவே அடுத்த கேள்வி: 'மூச்சு விடும்போது விசில் சத்தம் வருகிறதா? சிறுவயதிலிருந்தே உண்டா? தூசி, குளிர், தாளிக்கும் நெடி பட்டால் வருகிறதா?' ஆஸ்துமாவில் காற்றுப்பாதைகளே இறுகிக்கொள்கின்றன. வெளியே தள்ளப்படும் காற்று குறுகிய வழியில் விசிலடிக்கிறது. வந்து வந்து போவது அதன் குணம்.

'காய்ச்சல் உண்டா? சளி வருகிறதா, அதில் ரத்தம் உண்டா? எடை குறைந்ததா?' இவை நிமோனியாவையும் காசநோயையும் தேடுபவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விதி.

மூச்சு வாங்குகிறது என்று வந்த பெண்ணிடம் 'மாதவிலக்கின்போது அதிகமாகப் போகிறதா?' என்று கேட்டால், உடன் வந்த கணவருக்குத் திகைப்பாக இருக்கலாம். ஆக்ஸிஜனைச் சுமப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். மாதாமாதம் அதிகமாக ரத்தம் போனால் இரும்புச்சத்து தீர்ந்து ஹீமோகுளோபின் குறைகிறது. நுரையீரலும் இதயமும் நன்றாக இருந்தும் மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மூலத்தில் ரத்தம் போகிறதா, கறுப்பாக மலம் போகிறதா என்று ஆண்களிடம் கேட்பதும் இதற்காகத்தான்.

இதுவரை பார்த்ததில் நினைவில் நிற்க வேண்டியது: நோயாளி சொல்லும் ஒரு வரி, ஒரு பட்டியலைத் திறக்கிறது. அடுத்தடுத்த கேள்விகள் அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களை ஏற்றி இறக்குகின்றன. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு நோயின் இயக்கம் இருக்கிறது.

## சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் கேள்விகள்

எனக்கு மிகவும் சுவையான பகுதி இது. மூச்சு வாங்குகிறது என்று வந்த இளம் கர்ப்பிணியிடம், 'சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கி வலித்ததா?' என்று மருத்துவர் கேட்பார். அவருக்குத் தெரிய வேண்டியது ருமாட்டிக் காய்ச்சல் வந்ததா என்பது. சிறுவயதில் வரும் ஒருவகைத் தொண்டைத் தொற்றுக்குப் பிறகு சிலருக்கு மூட்டுகள் வீங்கும். அது போய்விடும். ஆனால் இதய வால்வில் ஆரம்பித்த சேதம் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து வால்வைச் சுருக்கிவிடும். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது, இதயத்துடிப்பும் கூடுகிறது. அதுவரை எப்படியோ சமாளித்த குறுகிய வால்வு அப்போது தாங்காமல் போகிறது. மறந்துபோன ஒரு மூட்டுவலி, இப்போதைய மூச்சுத்திணறலுக்குச் சாட்சி சொல்கிறது.

அடுத்தது தொழில். கல்குவாரியில் வேலை செய்கிறவரின் நுரையீரலில் கல்தூசி படிந்து தழும்பாகும். நூற்பாலையில் பஞ்சுத்தூசியைச் சுவாசிக்கிறவருக்கு, வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். கிழமை தவறாமல் வரும் இந்தப் புகாரைச் சோதனைக் கருவி எதுவும் சொல்லாது, 'எந்த நாளில் அதிகம்?' என்ற கேள்விதான் சொல்லும். ஒரு பீடிகூடப் பிடித்தறியாத பாட்டிக்குப் புகைப்பவருக்கு வரும் நுரையீரல் நோய் வந்திருந்தால், பல ஆண்டு விறகடுப்பு ஊதியதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றிய கேள்விக்கு நாம் தரும் பதில்தான் மிகவும் மோசம். 'சர்க்கரை இருக்கிறதா?' என்றால் 'இல்லை' என்போம். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் இருப்பதால் இல்லை என்று கணக்கு. அதனால் அனுபவப்பட்ட மருத்துவர்கள் 'தினமும் சாப்பிடும் மாத்திரை ஏதாவது உண்டா?' என்று மாற்றிக் கேட்பார்கள். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து, கண்ணிலிருந்து ரத்தத்தில் கலந்து ஆஸ்துமாவைத் தூண்டிவிடக்கூடும். கண்ணில் விடுவதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அதே கொதிப்புக்குத் தரும் எனாலாபிரில் மாத்திரை சிலருக்கு விடாத வறட்டு இருமல் தரும். இவை தெரியாவிட்டால், மாத்திரை உண்டாக்கிய வீக்கத்துக்கு இதயத்தைச் சந்தேகித்து இன்னொரு மாத்திரை எழுத நேரும். நாட்டு மருந்து, லேகியம், மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் வலிமாத்திரை எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

குடி, புகை, பாலுறவு, குடும்ப நோய்கள் பற்றிய கேள்விகளும் உண்டு. இவற்றில் பதிலைக் கெடுப்பது பெரும்பாலும் அறையில் இருக்கும் மூன்றாவது ஆள். மாமியார் நிற்கும்போது மருமகள் எதையும் சொல்லமாட்டாள். மகன் நிற்கும்போது அப்பா குடிப்பதை ஒப்புக்கொள்ளமாட்டார். உடன் வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்வது மரியாதைக் குறைவாகாது. மாறாக, வலிப்பு வந்தவரும் நினைவிழந்து விழுந்தவரும் தமக்கு நடந்ததைத் தாமே பார்த்திருக்க முடியாது. அங்கே பக்கத்தில் நின்றவர்தான் முதல் சாட்சி. அவரிடம் எடுத்த காணொளி இருந்தால் இன்னும் நல்லது.

## கண், கை, விரல், காது

விசாரணை முடியும்போது பட்டியலில் மூன்று நான்கு பெயர்கள் மிஞ்சியிருக்கும். அவற்றைத் தேடித்தான் உடல் பரிசோதனை. நோயாளி உணர்ந்து சொல்வது அறிகுறி என்றால், மருத்துவர் தன் புலன்களால் கண்டுகொள்வது தடயம். பொதுவாக நான்கு படிகள்: பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது. ஸ்டெதஸ்கோப் கடைசியில் வருகிறது. முதலிலேயே அதை எடுத்து வைப்பவர் மூன்று படிகளைத் தாண்டிவிட்டார்.

அதற்கும் முன்பு நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றை அளப்பார்கள். உயிர் ஓட்டம் சீராக இருக்கிறதா என்று காட்டும் இவற்றுக்கு உயிர்க்குறிகள் என்று பெயர். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, மூச்சு ஏறக்குறைய 12 முதல் 20 வரை. மூச்சை எண்ணுவதில் ஒரு தந்திரம் உண்டு. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு இயல்பாக வராது. அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவார்கள். அலட்சியப்படுத்தப்படும் இந்த எண்தான் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. இருமலோடு வரும் ஒரு வயதுக்குட்பட்ட, இரண்டு மாதம் நிறைந்த குழந்தைக்கு மூச்சு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியா என்று கருதச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கையில் ஒரு கடிகாரம் போதும்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய ஆக்ஸிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது காட்டுவது, இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்பதை. ஹீமோகுளோபினே பாதியாகக் குறைந்திருந்தாலும் 98 என்று காட்டும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் பின்னர் உறுதியானது. எண் நன்றாக இருக்கிறது என்பதால் மூச்சு வாங்குவது பொய்யாகிவிடாது.

இனி பார்ப்பது. கீழ் இமையைச் சற்று இழுத்து உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது ரத்தசோகைக்கு. கடுமையான ரத்தசோகையில் இது நன்றாகத் தெரியும், லேசானதில் ஏமாற்றும். கண்ணின் வெண்பகுதியில் மஞ்சளைத் தேடுவது காமாலைக்கு. இதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், மஞ்சள் விளக்கின் கீழ் தப்பிவிடும். விரல் நகம் குழிந்து கரண்டிபோல் ஆவது இரும்புச்சத்துக் குறைவில். விரல் நுனி உருண்டு நகம் வளைந்து புடைப்பது சில நுரையீரல், இதய நோய்களில். பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்தே தெரிந்த தடயம் இது.

நோயாளியை 45 பாகை சாய்த்துப் படுக்க வைத்துக் கழுத்தை உற்றுப் பார்ப்பதும் உண்டு. கழுத்தின் வலப்புற உள் சிரை, இதயத்தின் வலப்பக்க மேலறையோடு நேராகத் தொடர்புள்ளது. அதில் ரத்தம் எவ்வளவு உயரத்துக்கு நின்று துடிக்கிறது என்பது அந்த அறையின் அழுத்தத்தைக் காட்டும். ஊசியும் கருவியும் இல்லாமல் இதயத்துக்குள்ளிருக்கும் அழுத்தத்தை ஊகிக்க முடிகிறது.

தொடுவதில், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல் கட்டைவிரலைச் சில விநாடிகள் அழுத்துவார்கள். பள்ளம் அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றில் எதுவும் காரணமாகலாம், மேலே சொன்ன மாத்திரையும்தான். முதுகில் கையை வைத்து 'ஒன்று, ஒன்று' என்று சொல்லச் சொல்வது குரலின் அதிர்வை உணர்வதற்காக. நிமோனியாவில் இறுகிய நுரையீரல் அதிர்வைக் கூட்டித் தரும். நுரையீரலைச் சுற்றி நீர் இருந்தால் அதிர்வு குன்றும்.

தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் வியன்னாவில் எழுதி வெளியிட்டவர் மருத்துவர் லியோபோல்ட் ஆவென்புருகர். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். பீப்பாயில் மது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதைச் சிறுவனாகக் கண்டதுதான் தூண்டுதல் என்று சொல்வதுண்டு. காற்று நிறைந்த நுரையீரல்மேல் தட்டினால் முழக்கமாக ஒலிக்கும். நீர் இருந்தால் மந்தமாகக் கேட்கும். ஒலி மாறும் கோடுதான் நீரின் மட்டம். அவர் எழுதியதை அந்தக் காலத்தவர் பெரிதாக மதிக்கவில்லை. 1808இல் நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் பரவியது.

கேட்பதற்கான கருவி 1816இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் பிறந்தது. இளம்பெண் ஒருவரின் மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்பது பொருத்தமாக இராது என்று தயங்கிய மருத்துவர் ரெனே லென்னெக், ஒரு தாளைச் சுருட்டி அதன் வழியே கேட்டார். நேராகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. இன்றைய ஸ்டெதஸ்கோப்பில் தட்டையான பக்கம் உயர்ந்த ஒலிகளுக்கு, குழிந்த பக்கம் தாழ்ந்த ஒலிகளுக்கு. நம் கர்ப்பிணியின் சுருங்கிய வால்வு எழுப்புவது மிகத் தாழ்ந்த முணுமுணுப்பு. இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி, குழிந்த பக்கத்தை இதயத்தின் நுனியில் லேசாக வைத்துத் தேடினால்தான் கேட்கும். தேட வேண்டும் என்று தோன்ற வைத்தது பழைய மூட்டுவலி. ஆஸ்துமாவில் மூச்சை வெளிவிடும்போது விசில். இதயச் செயலிழப்பில் நுரையீரலின் அடிப்பகுதியில், உள்ளிழுக்கும்போது, மூடிக்கிடந்த நுண்பாதைகள் திறக்கும் படபடவென்ற நுண்ணொலி. சட்டைக்கு மேல் வைத்தால் துணி உரசும் சத்தம்தான் அதிகம் கேட்கும். அதனால் ஆடையை விலக்கச் சொல்வதில் காரணம் இருக்கிறது. ஏன் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, பெண் நோயாளியானால் ஒரு பெண் உடனிருக்கச் செய்ய வேண்டியது மருத்துவரின் பொறுப்பு.

சுருக்கமாக: பரிசோதனை என்பது தலைமுதல் கால்வரை சும்மா ஒரு சுற்று வருவதில்லை. விசாரணையில் மிஞ்சிய சந்தேகங்களுக்குத் தடயம் தேடுவது.

## அப்படியானால் சோதனைகள் எதற்கு?

சோதனைகள் தேவைதான். ஆனால் சோதனையின் முடிவுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனையான ஒரு சோதனை, நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நோய் இல்லாத 100 பேரில் 10 பேரைத் தவறாக நோயாளி என்கிறது. மோசமான சோதனை என்று சொல்ல முடியாது. எந்த விசாரணையும் இல்லாமல் தெருவில் போகும் 1,000 பேருக்கு இதைச் செய்கிறோம். அவர்களில் 10 பேருக்குத்தான் உண்மையில் நோய். அந்தப் பத்தில் 9 பேர் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் 99 பேர் தவறாக மாட்டுவார்கள். 'பாசிட்டிவ்' என்று சீட்டு வாங்கிய 108 பேரில் 9 பேருக்குத்தான் நோய், அதாவது 12 பேரில் ஒருவருக்கு.

இப்போது நன்றாக விசாரித்து, தொட்டுப் பார்த்து, பாதிக்குப் பாதி நோய் இருக்கும் என்று தோன்றிய 1,000 பேருக்கு மட்டும் அதே சோதனையைச் செய்கிறோம். நோயுள்ள 500 பேரில் 450 பேர் பிடிபடுவார்கள், நோயில்லாத 500 பேரில் 50 பேர் தவறாக மாட்டுவார்கள். பாசிட்டிவ் வந்தவர்களில் 10க்கு 9 பேருக்கு உண்மையிலேயே நோய். சோதனையும் ஆய்வகமும் மாறவில்லை. முன்னால் நடந்த விசாரணை மட்டும் மாறியது.

நம் ஊரில் இதற்குக் கண்கூடான உதாரணம் டைஃபாய்டுக்கான விடால் பரிசோதனை. அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை அளக்கிறது. முன்பு வந்துபோன தொற்று, தடுப்பூசி, வேறு சில காய்ச்சல்கள் எதனாலும் அது பாசிட்டிவ் ஆகலாம். டைஃபாய்டு பரவலாக உள்ள ஊரில் ஒரே ஒரு விடால் முடிவை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் காய்ச்சல் வந்ததும் நாமே ஆய்வகத்துக்குப் போய் அதைச் செய்துகொண்டு, 'எனக்கு டைஃபாய்டு' என்று சீட்டோடு மருத்துவரிடம் போகிறோம்.

## இது எங்கே தவறும்?

எல்லாவற்றையும் கையாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்வது இன்னொரு மூடநம்பிக்கை. தொடக்கநிலைப் புற்றுநோய் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. ரத்தக் கொதிப்பு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் தராமல் இருக்கும், அளந்தால்தான் தெரியும். மாரடைப்பு வந்தவரின் உடலில் பரிசோதனையில் எதுவுமே தென்படாமல் இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் களைப்பாகவோ மூச்சுத்திணறலாகவோ அது வரலாம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வரிசையே தலைகீழ். மூச்சுத்திணறி நீலம் பாய்ந்து வருகிறவரிடம் தலையணைக் கணக்கு கேட்பதில்லை. மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் ஆகியவற்றைச் சரிசெய்துகொண்டே இரண்டொரு கேள்விகளை உறவினரிடம் கேட்பார்கள். நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும், முழு வரலாறு பிறகுதான். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் யாரும் விசாரிக்காமல் மின்முனைகளை ஒட்டினால் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் பரிசோதனையில் தெரியாதது இரண்டாவதில் தெரியலாம். குடல்வால் அழற்சியில் வலி பல சமயம் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கத்துக்கு இடம் மாறும். முதலில் அழுத்தும்போது ஒன்றும் தெரியாத வயிறு, நான்கு மணி நேரம் கழித்து அதே இடத்தில் கையைத் தட்டிவிடும். 'காலையில்தானே பார்த்தார், மறுபடியும் என்ன?' என்ற எரிச்சலுக்கு இங்கே இடமில்லை.

## போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

எப்போது தொடங்கியது, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது என்று மூன்று வரி எழுதிக்கொண்டு போனாலே பாதி வேலை முடிந்தது. இணையத்தில் படித்த நோய்ப் பெயரைக் கடைசியில் சொல்லலாம், அது உங்களை ஏன் பயமுறுத்துகிறது என்பதையும் சேர்த்து. மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். 'வெள்ளை மாத்திரை, சின்னது' என்பதை வைத்து எந்த மருத்துவராலும் எதையும் சொல்ல முடியாது. பழைய எக்ஸ்ரே, இ.சி.ஜி. இருந்தால் அவற்றையும். இன்றைய எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஐந்து ஆண்டுக்கு முந்தைய படத்திலும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தால், அது பெரும்பாலும் ஆறிப்போன நோயின் தழும்பு. அப்போது இல்லாமல் இப்போது இருந்தால் மருத்துவர் படத்தை வைத்துவிட்டு, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்குவார்.